பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

என் கணவர் லொறி ஓட்டிய காலத்தில் எனக்குத் தெரிந்த அமெரிக்கா ஒரு றேடியோவுக்குள்தான் இருந்தது. அதுவும் முழு அமெரிக்கா இல்லை, மொன்றியலுக்குத் தெற்கே எல்லையைத் தாண்டியதும் வருகிற வெர்மொண்ட் மட்டும். பெயர்தான் மாநிலம். சனத்தைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் நகரத்தின் பாதிக்குள் அடங்கிவிடும். அந்தக் கொஞ்சச் சனத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு றேடியோ நிலையம். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கோயில் இருக்கிற மாதிரி அங்கே றேடியோ என்று அவர் சொல்வார்.

மொன்றியலில் செய்த மெத்தைகளையும் நாற்காலிகளையும் வெர்மொண்டின் சின்ன ஊர்க் கடைகளில் இறக்கிவிட்டு வருவது அவருடைய வேலை. விடிய முன்னம் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வருவார். மலைக்குள் ஏறியதும் செல்போன் செத்துவிடும். எல்லையில் அவருடைய நீளப் பெயரைப் பார்த்ததும் லொறியை ஓரம் கட்டச் சொல்கிற காலம் அது. அங்கே ஒரு பயம், மலையில் ஒரு பயம், பனியில் ஒரு பயம். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். எனக்கு இங்கே அவரைத் தவிர இருந்த ஒரே சொந்தம் நகரத்தின் மறுபக்கம் ரொக்ஸ்பரோவில் இருந்த அவருடைய அக்கா, என் மச்சாள். அவரும் ஒரு பயம்தான்.

நான் பயந்து பயந்து சண்டை பிடிக்கிறதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மலைப் பாதையில் அவர் லொறிக்குள் கேட்கிற நிலையம் ஒன்று, மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் இருந்த மேல்மாடி வீட்டின் குசினி யன்னலிலும் எடுபட்டது. ஏரியலைத் தெற்கே திருப்பி, யன்னல் கம்பியில் ஒரு வயரைச் சுற்றிவிட்டால் தெளிவாகக் கேட்கும்.

"நான் கேக்கிறதைத்தான் நீரும் கேக்கிறீர். பேந்தென்ன, பக்கத்தில இருக்கிற மாதிரித்தானே" என்றார்.

"பக்கத்தில இருக்கிற மனுசன் குப்பையைக் கொண்டுபோய்ப் போடும். உங்கட றேடியோ போடுமோ?" என்று கேட்டேன்.

வாய் அப்படிச் சொன்னாலும் அவர் கதவைச் சாத்தினதும் என் கை போவது அந்த றேடியோவுக்குத்தான். அதில் பேசுகிறவர் ஒரு கிழவர். செய்தி, காலநிலை, பாட்டு எல்லாம் அவர் ஒருவரே. இருமல் வந்தால் மைக்குக்குள்ளேயே இருமுவார். யாருடைய நாயைக் காணவில்லை, எந்தத் தேவாலயத்தில் கோழிச் சாப்பாடு, யாரிடம் வைக்கோல் விலைக்கு இருக்கிறது, எந்தப் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, இவ்வளவுதான் அவருடைய உலகம். நான் வேலை செய்த குழந்தைகள் காப்பகத்தில், இங்கே கார்தெரி என்பார்கள், பிரெஞ்சு மட்டும்தான் பேச்சு. என் இங்கிலிஷ் முழுவதும் அந்தக் கிழவர் போட்ட பிச்சை. அவருடைய ஊரில் யார் வீட்டுப் பசு வேலி பாய்ந்தது என்று சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

மச்சாளுக்கு இது பிடிக்கவே இல்லை. அவருடைய குசினியில் காலை தொடங்கிப் படுக்கப் போகும்வரை தமிழ் றேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

"வெள்ளையளின்ர மாடு துலைஞ்ச கதையைக் கேட்டு உமக்கென்ன வரப்போகுது? எங்கட றேடியோவைப் போட்டால் ஒரு செத்தவீடாவது தெரியவரும்" என்பார்.

உண்மை. மச்சாளுக்கு றேடியோ என்றால் மரண அறிவித்தல்தான். பாட்டுப் போகும்போது பாத்திரம் கழுவுவார், அரசியல் பேசினால் தொலைபேசியில் வம்பளப்பார். அறிவித்தல் தொடங்கியதும் தண்ணீரைப் பூட்டிவிட்டு ஈரக் கையோடு அப்படியே நிற்பார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று அந்தக் குரல் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும். பிறப்பிடம் கேட்டதுமே மச்சாள் பாதி ஆளைப் பிடித்துவிடுவார். மற்றச் சனம் தங்கள் பிறந்த ஊரை றேடியோவில் எதற்கெல்லாம் சொல்வார்களோ தெரியாது. எங்களில் ஒரு சாதாரண மனுசனுடைய பிறந்த ஊரையும் இருந்த ஊரையும் சேர்த்து றேடியோ சொல்வது ஒரே ஒரு தடவைதான். அதைக் கேட்க அவர் இருக்கமாட்டார்.

எனக்கு இந்த வாசகத்தோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் போர் நடந்து பற்றரிக்குத் தடை இருந்த நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் றேடியோ கேட்போம். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை என்னுடையது. சுற்றினால் குரல் வரும், கை ஓய்ந்தால் குரல் இளகி இளகிப் போய்விடும். ஒருநாள் மத்தியானம் நான் சுற்றிக்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, அம்மாவின் தம்பியுடைய பெயர் வந்தது. என் சின்ன மாமா. நான் கையை எடுத்துவிட்டேன். சில்லு மெல்ல மெல்ல நின்றது. "சுத்தடி, சுத்தடி" என்று அம்மா கத்தினார். நான் சுற்றவில்லை. சுற்றாவிட்டால் மாமா சாகமாட்டார் என்று நினைத்தேனோ என்னவோ.

நான் சொல்லவந்தது ஒரு மாசி மாதத்து நாளைப் பற்றி. மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற நாள். இங்கே அதை வெர்க்லா என்பார்கள். பனியைக் கூட நம்பலாம், இதை நம்பவே ஏலாது. காப்பகம் பூட்டு என்று விடியவே தொலைபேசி வந்துவிட்டது. அவர் அதற்கு முன்னமே சப்பாத்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இண்டைக்குப் போகாதேங்கோ. மெத்தையில படுக்காட்டி அங்க ஆரும் சாகமாட்டினம்" என்றேன்.

"மழை இஞ்சதானப்பா. அங்கால இல்லையாம். போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கால இல்லையாம் என்று யார் சொன்னது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவரே சொல்லிவிட்டார். மழை மலைக்குள் இறங்கிவிட்டது, கரண்ட் கம்பிகள் அறுந்து விழுகின்றன, நிலையம் ஜெனறேற்றரில் ஓடுகிறது, வீட்டில் சூடு இல்லாதவர்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வாருங்கள், சூப் இருக்கிறது. பிறகு பாதைகளின் பெயர்களை வாசித்தார். என் கணவர் போகிற பாதையும் அதில் இருந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். அதை மறுபடி எடுக்கவில்லை.

அவருடைய செல்போனுக்கு அடித்தேன். ஒரு பெண் பிரெஞ்சிலும் இங்கிலிஷிலும் மன்னிப்புக் கேட்டாள். மறுபடி அடித்தேன், மறுபடி கேட்டாள். அந்தப் பெண்ணைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். அவருடைய கொம்பனிக்கு அடித்தேன், எடுக்க ஆள் இல்லை. மச்சாளுக்கு அடித்தேன்.

"ஒண்டும் நடக்காது, அவன் கவனமான பிள்ளை" என்று மச்சாள் சொன்னார். சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்காமலே செபமாலை சொல்லத் தொடங்கினார். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

செபத்துக்கு நடுவே என் மற்றக் காது றேடியோவில் இருந்தது. கியூபெக் இலக்கத் தகடு போட்ட லொறி ஒன்று ஆற்றுப் பக்கம் சறுக்கி இறங்கிக் கிடக்கிறது, அந்த வழியால் யாரும் போகவேண்டாம் என்று கிழவர் சொன்னார். லொறியைச் சொன்னார். ஓட்டியவரைச் சொல்லவில்லை. நான் மச்சாளிடம் ஒன்றும் பேசாமல் தொலைபேசியை வைத்தேன். கதிரையில் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கியூபெக்கில் எத்தனை லொறி ஓடுகிறது, அது அவராக ஏன் இருக்கவேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். வெற்றுக் குசினியில் என் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது. அந்த நிலையத்தின் இலக்கம் எனக்கு மனப்பாடம், கிழவர் மூச்சுக்கு மூச்சு சொல்வார். அடித்தேன். அந்தப் பக்கத்து லைனும் செத்துக் கிடந்தது.

பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முடிய முன்னமே கிழவர் நிறுத்தினார். அவர் ஒருநாளும் பாட்டைப் பாதியில் நிறுத்தியதில்லை. குரலும் வேறாக இருந்தது. இருமவில்லை, சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக, கவனமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும், கியூபெக்கின் மொன்றியலில் வசிப்பவருமான...

நான் றேடியோவின் கரண்ட் வயரைப் பிடித்துச் சுவரில் இருந்து இழுத்தேன்.

றேடியோ அடங்கிவிட்டது. யன்னலில் மழை படுகிற சத்தம் மட்டும் கேட்டது. வயர் என் கையில் இருந்தது. அழவில்லை. அழுதால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும். இந்த நாட்டில் எனக்கு இனி யார் இருக்கிறார்கள், இந்த வீட்டில் எப்படித் தனியாக இருப்பது, அவரை எந்தக் கையால் தொடுவது, எப்படி இருப்பார், முகம் முகமாக இருக்குமா, இவ்வளவும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

தொலைபேசி அடித்தது. மச்சாள்.

"றேடியோவில சொல்லிப்போட்டினம், மச்சாள்" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அந்தப் பக்கம் அவர் வைத்த ஒப்பாரியைக் கேட்கப் பொறுக்காமல் தொலைபேசியை வைத்துவிட்டு அதன்மேல் ஒரு துணியைப் போட்டேன்.

மச்சாளைப் பற்றி எனக்குத் தெரியாதா. அழுதுகொண்டே நாலு பேருக்கு அடித்திருப்பார். அந்த நாலு பேரில் ஒருவர் தமிழ் றேடியோவில் அறிவித்தல் எடுக்கிறவர். அவருடைய அழைப்பு வந்தபோது நான் இன்னும் நிலத்தில்தான் இருந்தேன். நல்ல மனுசன், பதமாகக் கதைத்தார்.

"தங்கச்சி, மனசைத் தேற்றிக்கொள்ளும். அவசரமில்லை, ஆறுதலாச் சொன்னால் காணும். பிறப்பிடம் யாழ்ப்பாணத்தில எந்த இடமெண்டு போடுறது?"

எனக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"ஒண்டும் போடவேண்டாம். நீங்கள் உடம்பைக் கண்டனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி, றேடியோவில சொன்னதெண்டு அக்கா..."

"பிறந்த இடம் சொன்னவை, இருக்கிற இடம் சொன்னவை. அதுக்கு மேல நான் கேக்கேல்லை. வயரைப் புடுங்கிப்போட்டன்."

"எந்த றேடியோ? தமிழோ?" என்று கேட்டார்.

"அமெரிக்க றேடியோ. வெள்ளைக்காரக் கிழவன்."

"செத்துப்போனார் எண்டு சொன்னவனோ?"

யோசித்துவிட்டு இல்லை என்றேன். கிழவர் அப்படிச் சொல்லவில்லை.

"தங்கச்சி, அப்பிடி வாசிக்கிறது நாங்கள். வெள்ளைக்காரன் முதல் ஆள் செத்ததைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்லுவான். போய் வயரைக் கொழுவும்."

கொழுவினேன். அவசரத்தில் பிளக்கின் முள் துளைக்குள் போக மறுத்தது. கடைசியில் குரல் வந்தபோது, பள்ளிக்கூட மண்டபத்தில் போர்வை போதவில்லை, வீட்டில் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள் என்று கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பாட்டு. பிறகு காணாமல் போன நாய். யாழ்ப்பாணமும் இல்லை, மொன்றியலும் இல்லை. றேடியோவின் முன்னால் முழங்காலில் இருந்து கேட்டேன். சொல்லு, சொல்லு என்று அதன் பெட்டியைத் தட்டினேன். அந்தச் செய்தியைக் கிழவர் திரும்பச் சொல்லவே இல்லை. முதலில் ஒரு சாவு தெரிந்திருந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை. எது மோசம் என்று கேட்டால், இரண்டாவதுதான். அன்றிரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அடுத்த நாள் காலை என் கணவர் எல்லையில் இருந்து தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சாரும், நான் எல்லைக்கு வந்திட்டன். லொறிதான் போயிட்டுது."

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன். பிறகு அதற்காகவே நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் பிளாஸ்டர். உடம்பில் யாரோ ஒரு பெரிய வெள்ளைக்காரருடைய கட்டம் போட்ட கோட். அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், தோள், கை, முதுகு எல்லாம். வந்த கையோடு தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். யாரோ துக்கம் விசாரித்து விம்மியது எனக்கே கேட்டது. "ஓம், ஓம், நான்தான் கதைக்கிறன். இல்லை, சாகேல்லை" என்று அவர் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கேட்டனீரோ?" என்றார்.

"என்னத்தை?"

"நான் றேடியோவில கதைச்சதை."

அப்போதுதான் நடந்தது தெரிந்தது. லொறி ஆற்றுக் கரையில் சரிந்ததும் கதவு திறக்கவில்லை. கண்ணாடியை உடைக்க ஏலாமல் கனநேரம் உள்ளேயே கிடந்திருக்கிறார். கீழே ஐஸ் வெடிக்கிற சத்தம் கேட்டதாம். கடைசியில் எப்படியோ வெளியே வந்து நடந்திருக்கிறார். இருண்ட ஊரில் முதலில் வெளிச்சம் தெரிந்த கட்டடம் அந்த நிலையம். கிழவர் கோட் கொடுத்தார், கோப்பி கொடுத்தார். லைன் இல்லை, வீட்டுக்குச் சொல்ல வழி இல்லை. என் மனைவி மொன்றியலில் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். எங்கள் சத்தம் அவ்வளவு தூரமா போகிறது என்று ஆச்சரியப்பட்ட கிழவர், அப்படியானால் நீயே பேசு என்று மைக்கைத் திருப்பிவிட்டார். எப்படி அறிமுகம் செய்யட்டும் என்று கேட்டதற்கு, இந்த மனுசன் பிறப்பிடத்தையும் வதிவிடத்தையும் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"உங்களை ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டேன். என் சத்தம் கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும்.

"றேடியோவில பேந்து எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அப்பாவியாக.

நான் வயரைப் பிடுங்கியதைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கட்டம் போட்ட கோட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லை. சும்மா."

"சும்மா எண்டால்?"

"அது சொல்லியாச்சப்பா. இனி எப்பிடித் திருப்பிச் சொல்லுறது. சோறு கிடக்கோ?"

கேட்டேன், கெஞ்சினேன், கோபித்தேன். வாய் திறக்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். கலியாணம் கட்டின நாளில் இருந்து என்னிடம் மனம் விட்டு ஒரு சொல் சொன்னவரில்லை, காலநிலையும் சாப்பாடும்தான் பேச்சு. சாப்பிட்டுவிட்டு சோபாவில் அப்படியே நித்திரையாகிவிட்டார்.

ஒரு கிழமைக்குப் பிறகு லைன் வந்தது. அவர் மறுபடி சோபாவில் நித்திரையாக இருந்த ஒரு காலை, நான் நிலையத்துக்கு அடித்தேன். கிழவரே எடுத்தார். இவ்வளவு காலம் கேட்ட குரல் எனக்கு மட்டும் பேசுகிறது. மொன்றியலில் இருந்து பேசுகிறேன், அந்த லொறிக்காரருடைய மனைவி, அவர் பேசியதைப் பதிந்து வைத்திருக்கிறீர்களா என்று என் வைக்கோல் இங்கிலிஷில் கேட்டேன்.

இல்லையம்மா, நாங்கள் எதையும் பதிவதில்லை என்றார். பிறகு இருமினார். உங்கள் கணவர் நெடுநேரம் பேசினார் என்றார். தான் குறுக்கே போகவில்லையாம், பாட்டும் போடவில்லையாம். நடுவில் அழுதாராம். மண்டபத்தில் றேடியோவைச் சுற்றி இருந்த சனம் சூப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதாம். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஒருவரும் அசையவில்லையாம். அன்றிலிருந்து அந்த மனிதன் என்ன சொன்னான் என்று இங்கே தினமும் யாராவது கேட்கிறார்கள், நீங்கள் அழைத்தது நல்லதாகப் போயிற்று, அவர் என்ன சொன்னார் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லவேண்டும் என்றார்.

நான் சோபாவைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னார்" என்றேன்.

"அவ்வளவு நேரமும் அது மட்டுமா?"

"ஓம். எங்கள் மொழியில் அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

சரியம்மா என்றார் கிழவர். பிறகு, மத்தியானச் செய்தியில் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். சாவைக் கண்டுவிட்டு வந்த மனுசன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எனக்கு வாய் திறந்ததை அந்த மலைநாட்டுச் சனம் முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் கேட்கவில்லை.